உப்புப் பார்க்காத சமையல்

முப்பது வருடமாக ஆட்டுப் பிரட்டல் சமைக்கிறேன். சட்டியில் கரண்டியை விட்டு எடுத்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு ஊற்றி நக்கிப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. இதைச் சொல்லும்போது என் குரலில் திமிர் ஏறிவிடுகிறது என்று மகள் குறைப்படுவாள். ஏறட்டுமே. ஈப்போவில் கடை வைத்திருப்பவர்களில் எத்தனை பேரால் இப்படிச் சொல்ல முடியும்?

காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. நாங்கள் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். வருடத்துக்கு ஒரு முறை முனீஸ்வரருக்குப் படையல் போடும்போதுதான் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஆட்டுக்கறி வேகும். சாமிக்கு வைக்கும் முன்னால் ஒரு சொட்டும் யார் நாக்கிலும் படக்கூடாது. சமைப்பவர்கள் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் அடுப்பருகே நிற்பார்கள். அப்படியானால் உப்பு எப்படித் தெரியும்? ஆவியில் தெரியும். மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் ஆவியை மூக்கில் வாங்க வேண்டும். உப்புக் குறைந்திருந்தால் மசாலா பச்சையாக மணக்கும். சரியாக இருந்தால் மணம் திரண்டு வரும். இதை நம்பாதவர்கள் நிறையப் பேர். நம்பாமலே வந்து இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

முதலாளி தோட்டத்தை வீடமைப்புக்கு விற்ற பிறகு ஈப்போவில் அடுக்குமாடி வீடு ஒன்றுக்குக் குடிவந்தோம். தொழிற்சாலைக் கேன்டீனில் பாத்திரம் கழுவப் போன நான், அங்கே சமையல்காரியாகி, பிறகு வீட்டிலிருந்து பொட்டலம் கட்டி விற்று, கடைசியில் ஒரு கடை வாடகைக்கு எடுத்தேன். கடையிலும் அதே முறைதான். காலையில் முதல் குவாலி இறங்கியதும், அந்தப் பெரிய இரும்புச் சட்டியிலிருந்து ஒரு கிண்ணம் முனீஸ்வரர் படத்துக்கு முன்னால் போகும். அதற்குப் பிறகுதான் மனுசருக்கு. என் வீட்டுக்காரர் தொழிற்சாலை பஸ் ஓட்டுபவர், வாயும் கொஞ்சம் நீளம். "சாமி மட்டும் வாயத் தொறந்து பேசினா தெரியும்லா உன் வண்டவாளம்," என்பார். சாமி இதுவரை ஒன்றும் சொன்னதில்லை.

செமோரில் இரண்டாவது கடை திறந்தபோது நானே காலையில் ஒன்று, மதியத்தில் ஒன்று என்று இரண்டுக்கும் ஓடினேன். மூன்றாவது கடை என்று பேச்சு வந்ததும் மகள் கையைக் குறுக்கே நீட்டிவிட்டாள். அவள் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். எதைப் பார்த்தாலும் அளந்து, எழுதி, கையெழுத்துப் போடுகிற வேலை.

"மா, இனிமே நீங்க ஓட முடியாது. பிரான்சைஸ் குடுப்போம். பேரு நம்மது, மசாலா நம்மது, கடை அவங்களது."

"கை யாரோடது?" என்று கேட்டேன்.

"அதத்தான் நீங்க சொல்லிக் குடுக்கப் போறீங்க."

கேட்டு வந்தவர்களில் எனக்குப் பிடித்துப்போனது மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி. அவர் கேமரன் மலையிலிருந்து ஈப்போ சந்தைக்குக் காய்கறி ஏற்றிவரும் லோரி ஓட்டுநர். சரக்கு இறக்கிவிட்டு என் கடையில்தான் பசியாறுவார். மலைச் சாலையில் இருபது வருடம் ஓட்டியதில் முதுகு போய்விட்டது. நாற்காலியில் உட்காரும்போதே முகம் சுருங்கும். அந்தப் பெண் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையை எடுத்து நடத்தியவள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சமைத்த கை. இருவரும் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்.

அவர் சுற்றி வளைக்காமல் பேசினார். "அக்கா, இந்தப் பெரட்டல தாப்பாவுல வச்சா ஓடும்லா. மேல போற பஸ்ஸு, கீழ வார லோரி, எல்லாம் அங்கதான் நிக்குது. நான் லோரிய விட்டுட்டேன். இவளும் ஸ்கூல் வேலைய வேற ஆளுக்கு விட்டுட்டா. உங்கள நம்பித்தான் வந்துருக்கோம்."

நான் சரி என்று சொல்வதற்கு முன்னாலேயே இரண்டு பேரும் தங்கள் வேலையை விட்டிருந்தார்கள். கோபம் வந்தது. இப்படியா யோசனை இல்லாமல் செய்வது? ஆனால் உள்ளுக்குள்ளே ஒரு குளிர்ச்சியும் இருந்தது. என் சட்டியை நம்பி ஒரு குடும்பம் பாலத்தை உடைத்துவிட்டு இந்தக் கரைக்கு வந்திருக்கிறது.

மூன்று வாரம் என் கடைச் சமையலறையில் இருவரும் நின்றார்கள். மகள் மாலையில் வேலை முடிந்து வந்து, தராசை வைத்துக்கொண்டு என் பின்னாலேயே சுற்றினாள். வெங்காயம் இத்தனை கிராம், இஞ்சி பூண்டு இத்தனை, கறித்தூள் இத்தனை, கறிவேப்பிலைகூட எண்ணிக்கையில். என் கைப்பிடி ஒவ்வொன்றையும் பறித்துத் தட்டில் கொட்டி நிறுத்தாள். பட்டை, சோம்பு வரைக்கும் பொறுத்துக்கொண்டேன். உப்பு என்று வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"உப்பத் தராசுல வைக்கிற வேலைலாம் வேணாம். என் கைதான் தராசு."

"மா, எழுதணும்மா."

"கரண்டியில அளந்து எழுதிக்க. குழிக்கரண்டியில ரெண்டு. போ."

என் கையில் இருந்த உப்பைக் குழிக்கரண்டியில் கொட்டிப் பார்த்துவிட்டு அவளும் அப்படியே எழுதினாள். என் பிடிவாதம் அவளுக்குத் தெரியும். தினமும் மாலையில் அதோடு மல்லுக்கு நிற்க அவளுக்கும் தெம்பில்லை.

தாப்பாக்காரப் பெண் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் எப்போது தீயைக் குறைக்கிறேன், எந்தக் கையால் கிளறுகிறேன், மூடியைத் திறந்ததும் எப்படி முகத்தைக் குனிந்து ஆவியை வாங்குகிறேன் என்று எல்லாவற்றையும் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள். இப்படி ஒரு மாணவி கிடைத்தாளே என்று அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

கடை திறந்த அன்று என் குவாலி, என் கரண்டி, என் உப்பு ஜாடி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு தாப்பாவுக்குப் போனேன். முதல் நாள் சமையல் என் கையால்தான் என்று அடம்பிடித்தேன். உள்ளே சுவரில் மாதா படம், அதன் கீழே ஒரு சிறிய பலகை. முதல் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று நான் தயங்கினேன். அவள் வாங்கி அந்தப் பலகையில் வைத்துக் கண்ணை மூடி ஜெபம் செய்தாள். பிறகு அதை எடுத்துக்கொண்டுபோய் வெளியே பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெரியவரிடம் சோற்றோடு கொடுத்தாள். மனசு நிறைந்துபோனது. அன்று மதியம் இரண்டு மணிக்கெல்லாம் சட்டி காலி. வாசலில் நின்று பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தேன். தோட்டத்துப் பிள்ளையின் சமையல் எழுபது எண்பது கிலோமீட்டர் தள்ளி வந்து பலகையில் ஏறியிருக்கிறது. வாய்விட்டு அழுதேன், அதில் என்ன வெட்கம்? சாயங்காலம் என் சட்டி சாமான்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு ஈப்போ திரும்பினேன்.

மூன்றாவது வாரம் மகள் கைப்பேசியை என் முன்னால் நீட்டினாள். யாரோ ஒருவர் தாப்பாக் கடையைப் பற்றி எழுதியிருந்தார். கடலில் குளித்துவிட்டு வந்த ஆடு என்று. கீழே நாலைந்து பேர் சிரித்திருந்தார்கள்.

மசாலாவை மாற்றிவிட்டார்கள், சொந்தமாக எதையோ கலக்குகிறார்கள், என் பெயரைக் கெடுக்கிறார்கள் என்று வீடு முழுக்கக் கத்தினேன். மகளை அவர்களுக்குப் போன் செய்யக்கூட விடவில்லை. மறுநாள் காலை மகளை விடுப்பு எடுக்கச் சொல்லி வண்டியை எடுக்க வைத்தேன். வழி நெடுக நான் என்னென்ன சொல்லப் போகிறேன் என்பதை அவளிடமே ஒத்திகை பார்த்தேன். அவள் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டாள்.

பகல் பன்னிரண்டரை. வியாபாரம் சூடு பிடிக்கும் நேரம். கடையில் ஒரே ஒரு மேசையில்தான் ஆள் இருந்தார். அவரும் தேநீர்தான் குடித்துக்கொண்டிருந்தார். லோரிக்காரத் தம்பி என்னைப் பார்த்ததும் எழ முயன்று, முதுகைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, "சோறும் பெரட்டலும்," என்றேன்.

ஒரு வாய்தான் வைத்தேன். அதை விழுங்க ஒரு டம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது. மசாலா என் மசாலாதான். பதம் என் பதம்தான். கறி பஞ்சு மாதிரி வெந்திருந்தது. உப்பு மட்டும் வாயைப் பொசுக்கியது.

சமையலறைக்குள் போனேன். அந்தப் பெண் அடுப்பருகே நின்றுகொண்டிருந்தாள். மூன்று வாரத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நோட்டுப் புத்தகம் சுவரில் ஆணியில் தொங்கியது. மகள் அச்சடித்துக் கொடுத்த கையேடு பிளாஸ்டிக் உறைக்குள் பக்கத்திலேயே இருந்தது. தராசு துடைத்துப் பளிச்சென்று இருந்தது.

"இத வாயில வச்சுப் பாத்தியா?" என்று கேட்டேன். குரல் வாசல் வரை கேட்டிருக்கும்.

"இல்லக்கா."

"ஏன் பாக்கல? பதினஞ்சு வருசம் சமைச்சவதான நீ?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க பாக்க மாட்டீங்களேக்கா. மூணு வாரம் நின்னேன், ஒரு தடவகூட நீங்க நாக்குல வைக்கல. சாமிக்கு வைக்கிற சமையல், அப்படித்தான் செய்யணும்னு நெனச்சேன். எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்ல. ஆனா உங்க சாமிக்கு உண்டான மரியாதைய நாங்க கெடுக்கக்கூடாதுலா? விக்கிற கறின்னு மிச்சத்தக்கூட நாங்க தொடல. கஸ்டமர் உப்பு ஜாஸ்தின்னு சொன்னாங்க. ஆவிய மோந்து பாத்தேன். எனக்கு ஒண்ணும் தெரியலக்கா. எனக்குத்தான் மூக்கு சரியில்லன்னு இருந்துட்டேன்."

ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசவுகள் எல்லாம் வீணாகிப்போயின. ஒரு சொட்டு நாக்கில் விட்டிருந்தால் முதல் நாளே அவளுக்குத் தெரிந்திருக்கும். எனக்காக, தான் கும்பிடாத ஒரு சாமிக்காக, இத்தனை நாளும் தன் நாக்கைக் கட்டி வைத்திருந்திருக்கிறாள்.

லோரிக்காரர் மெதுவாக நடந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எங்க கைக்கு வரல போலக்கா. உங்க பேரு கெட வேணாம். சாவிய குடுத்துர்றோம்."

"சாவியக் குடுத்துட்டு?"

"பாப்போம்லா. லோரி கெடைக்குதான்னு."

அந்த முதுகோடு லோரி கிடைத்தாலும் அவரால் ஓட்ட முடியாது. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், அடுப்பருகே நின்றவளுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

அதற்குள் மகள் தன் வேலையை ஆரம்பித்திருந்தாள். அலமாரியைத் திறந்து ஒவ்வொரு டப்பாவாக எடுத்துப் பார்த்தாள். உப்பு டப்பாவைத் திறந்ததும் அப்படியே என்னிடம் நீட்டினாள். உள்ளே தூள் உப்பு, மாவு மாதிரி. என் கடையில் கல்லுப்பு. ஒரு குழிக்கரண்டிக் கல்லுப்பில் பாதிக்குப் பாதி இடைவெளிதான் இருக்கும். தூள் உப்பு இடைவெளியே இல்லாமல் கரண்டியை அடைத்துக்கொள்ளும். கையேட்டில் உப்புக்கு மட்டும் கிராம் இல்லை, கல்லுப்பு என்ற சொல்லும் இல்லை. கரண்டிக் கணக்கு. யார் சொல்லி அப்படி எழுதியது என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். மகள் வாயைத் திறக்கவில்லை. அவள் அப்படித் திறக்காததற்காகவே நான் பேச வேண்டியிருந்தது.

"தப்பு என் மேலதான்," என்றேன். என் வாயிலிருந்து இது அடிக்கடி வருகிற வாக்கியமில்லை. "உப்ப நிறுக்க விடாதது நான். நாக்குல வைக்கச் சொல்லித் தராததும் நான்தான். சாவிய உள்ள வைங்க தம்பி."

புதிதாக ஒரு சட்டி ஏற்றினோம். இந்த முறை தாப்பாக்காரப் பெண் சமைத்தாள், நான் வெங்காயம் உரித்தேன். மகள் உப்பை நிறுத்தாள். குவாலி இறங்கியதும் நால்வரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். யார் முதலில் கரண்டியை விடுவது? எனக்குக் கை எழவில்லை. முப்பது வருடப் பழக்கம் விரல்களைப் பின்னால் இழுத்தது.

அவள்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அக்கா, சாமிக்கு மொதல்ல ஒரு கிண்ணம் எடுத்து வச்சிருவோம். அப்புறம் பாக்கலாம்லா?"

இவ்வளவுதான் விஷயம். எடுத்து வைத்துவிட்டால் சட்டியில் இருப்பது மனுசருக்கு உரியது. இது எனக்கு இத்தனை வருடத்தில் ஒரு நாளும் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம் பக்தி என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் திமிர்தான். உப்புப் பார்க்காமல் சமைப்பவள் என்று நாலு பேர் சொல்வது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

கிண்ணத்தை மாதா படத்தின் கீழே வைத்துவிட்டு வந்து, கொதிக்கக் கொதிக்க ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினேன். கடையில் நான் எப்போதும் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, அடியில் ஒட்டியிருப்பதை ஆறிப்போன சோற்றில் பிசைந்து சாப்பிடுகிறவள். என் பிரட்டலின் சூடான முதல் சொட்டு எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மிளகுக் காரம் நாக்கின் பின்பக்கம் மெல்ல ஏறி, கறிவேப்பிலை வாசனையோடு மூக்கு வரை வந்தது. "அடேயப்பா," என்றேன், என்னை அறியாமல். மகள் சிரித்துவிட்டாள். "இப்பத்தான் தெரியுதாம்மா?"

பத்து நாள் தாப்பாவிலேயே தங்கினேன். காலையில் அந்தப் பெண் சமைக்க, நான் பஸ் நிற்கும் இடத்தில் சிறிய தட்டுகளை ஏந்திக்கொண்டு நின்றேன். கடலில் குளித்த ஆடு கரையேறிவிட்டது, வந்து சாப்பிட்டுப் பாருங்கள் என்று கூவினேன். மேலே போகும் பஸ் ஓட்டுநர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு இறங்கி வந்தார்கள். லோரிக்காரர் தன் பழைய கூட்டாளிகளுக்கெல்லாம் போன் போட்டார். ஆறாவது நாள் மதியம் ஐந்து லோரிகள் வரிசையாக நின்றன. பத்தாவது நாள் மூன்று மணிக்கு முன்பே சட்டி காலியானது. அன்று அவள் ஒரு தட்டு நிறையப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்த பிறகுதான் ஈப்போவுக்கு வண்டி ஏறினேன். வீட்டுக்காரர் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப முனீஸ்வரரு பாவம்லா, இத்தன வருசம் உப்பு கூடக் கொறைய இருந்தாலும் அவருதான் மொதல்ல சாப்பிட்டுருக்காரு," என்றார். அவருக்கு மூன்று நாள் பிரட்டல் கிடையாது என்று தண்டனை விதித்தேன்.

கையேட்டைத் திருத்தி அச்சடித்தோம். சாமிக்கு எடுத்து வைக்க வேண்டும், பிறகு நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும், பார்க்காமல் யாருக்கும் பரிமாறக்கூடாது என்று முதல் பக்கத்திலேயே போட்டோம். எல்லாக் கடைகளுக்கும் அது சட்டம். எனக்கு மட்டும் இல்லை என்று நான் மனசுக்குள் வைத்துக்கொண்டேன். தாப்பாவில் ஒரு நாள் நக்கியதோடு சரி. என் சட்டிக்கு என் மூக்கு போதும் என்று பழையபடி நடந்தேன்.

இந்த வருடம் சுங்கை சிப்புட்டில் கடை திறந்தோம். நான் பிறந்த தோட்டம் அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். லயமும் இல்லை, பால்மரமும் இல்லை. ஆனால் அந்த ஜனங்கள் எல்லாம் இந்த ஊரைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் என் பெயர்ப்பலகை ஏறுவது எனக்குச் சாதாரண விஷயமில்லை. புதிதாகக் கடை எடுத்தவர்களுக்குச் சொல்லித்தர தாப்பாக்காரப் பெண்ணை அனுப்பினேன். அந்தத் திறமை அவளுக்கு இப்போது என்னைவிட அதிகம். திறப்பு விழா அன்று முதல் சட்டியை மட்டும் நான் சமைப்பதாக ஏற்பாடு.

யாரிடமும் சொல்லாத ஒன்று எனக்கு இருந்தது. போன வருடம் படுக்க வைத்த காய்ச்சலுக்குப் பிறகு மூக்கு முன்போல இல்லை. சில நாள் மணக்கும், சில நாள் மணக்காது. அன்று மூடியைத் திறந்தபோது மணந்தது என்றுதான் நினைத்தேன். நினைத்துக்கொண்டு, கிண்ணத்தை எடுத்து முனீஸ்வரர் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, பரிமாறச் சொல்லிக் கையைத் துடைத்தேன்.

தாப்பாக்காரப் பெண் என் குவாலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கரண்டியை விட்டு, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நாக்கில் வைத்தாள். என் சட்டியில், என் கண்ணெதிரே. புதுக் கடைக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். மகள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"அக்கா, உப்பு பத்தல."

சுரீர் என்று கோபம் வந்தது. "எனக்கா சொல்ற?" என்று வாய் வரை வந்துவிட்டது. அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. தாப்பாவில் என் முன்னால் தலை குனிந்து நின்றவள்தான். கையை நீட்டினேன். என் உள்ளங்கையிலும் ஒரு சொட்டு விட்டாள். நாக்கில் வைத்தேன். குறைவுதான். கொஞ்சம் இல்லை, நன்றாகவே குறைவு.

"போடு," என்றேன். "நீயே போடு."

அவள் நிறுத்துப் போட்டாள், கிளறினாள், மறுபடி பார்த்தாள், பிறகு எனக்கும் கொடுத்தாள். தலையை ஆட்டினேன். கதவைத் திறக்கச் சொன்னோம்.

கூட்டம் உள்ளே வந்தது. தோட்டத்தில் எங்கள் லயத்துக்குப் பின் வரிசையில் குடியிருந்த அண்ணன் ஒருவர் இரண்டாவது தட்டு வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "முப்பது வருசம் ஆனாலும் உன் கைப்பக்குவம் மாறலலா. உப்புகூடப் பாக்க மாட்டியாமே, எப்படித்தான் போடுறியோ?"

ஆமாம் அண்ணே என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். கடை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் உள்ளே திரும்பி அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்தபடி மிரண்டு நின்றாள்.

"இன்னைக்கு உப்பு போட்டது நான் இல்லண்ணே. நான் போட்டது பத்தல. இதோ, இவதான் நாக்குல வச்சுப் பாத்துப் போட்டா," என்றேன். முப்பது வருடம் பீற்றிக்கொண்டதில் எதையும் நான் இவ்வளவு பெருமையோடு சொன்னதில்லை.